வலது காலுக்கு இரண்டு வண்டி

காக்ஸ் டவுனில் நான் வேலை பார்க்கும் சார் வீட்டு காம்பவுண்டில் இரண்டு கார் நிற்கின்றன. ஒன்று சாருடைய தாத்தா வாங்கியது. இன்னொன்று என் மகள் வாங்கியது. முதல் வண்டிக்கு என்னைவிடவும் சாரைவிடவும் வயது அதிகம். இரண்டாவது வண்டியில் சீட்டின் புது வாசனை இன்னும் போகவில்லை. இரண்டையும் ஓட்டுகிறவன் நான்.

எங்கள் வீடு பின்பக்கச் சந்தில். அங்கே ஆட்டோ நுழைந்தாலே ஜனங்கள் சுவரோடு ஒட்டிக்கொள்ள வேண்டும். அதனால் மகள் வண்டியையும் சார் வீட்டில் விடுகிறோம். அவராகத்தான் சொன்னார். "இவ்ளோ இடம் சும்மாதானே கிடக்கு. கொண்டாந்து போடுப்பா."

பழைய வண்டியோடு எனக்கு இருபத்தாறு வருஷம். அதைக் கழுவத்தான் சேர்ந்தேன். அப்போதிருந்த டிரைவர் ஊருக்குப் போய்த் திரும்பி வரவில்லை. காம்பவுண்டுக்குள் முன்னே பின்னே நகர்த்தி நகர்த்தி நானே பழகினேன். லைசென்ஸுக்கு ஓட்டிக் காட்டியதும் அதே வண்டியில்தான். இன்ஸ்பெக்டர் எட்டுப் போடச் சொல்லவில்லை. பக்கத்தில் ஏறி உட்கார்ந்து, "ஒரு ரவுண்டு போப்பா, பார்க்கலாம்" என்றார். போய் வந்தோம். இறங்கும்போது கதவை இரண்டு தரம் திறந்து மூடிப் பார்த்தார். பாஸ்.

சாருக்கு ஓட்ட வராது. "எனக்குப் பின்சீட்டு மட்டும்தான் தெரியும்" என்பார். அவர் கடைக்குப் போவது ஆட்டோவில். கார் வெளியே வருவது கல்யாணத்துக்கு. அவருக்குத் தெரிந்த குடும்பங்களில் பெண்ணை வீட்டிலிருந்து சர்ச்சுக்கும், சர்ச்சிலிருந்து ஹாலுக்கும் அழைத்துப் போக இந்த வண்டியைக் கேட்பார்கள். எனக்கு அன்றைக்கு வெள்ளைச் சட்டை, வெள்ளைப் பேண்ட், கறுப்பு ஷூ.

எத்தனையோ பெண்கள் பின்சீட்டில் உட்கார்ந்து வந்திருக்கிறார்கள். சிலர் அழுவார்கள். சிலர் போனில் முகம் பார்ப்பார்கள். ஒருத்தி வழியெல்லாம் எக் பப்ஸ் தின்றுகொண்டே வந்தாள். சர்ச் வாசலில் மடியைத் தட்டிவிட்டு இறங்கி, ஒன்றும் தெரியாதவள் மாதிரி நடந்து போனாள்.

என் மகளை மட்டும் நான் காரில் ஏற்றியதே இல்லை. வண்டி என்னுடையது இல்லை. கேட்டிருந்தால் சார் கொடுத்திருப்பார். நான் கேட்கவில்லை. அவள் பஸ்ஸில் ஸ்கூலுக்குப் போனாள், பஸ்ஸில் காலேஜுக்குப் போனாள், பிறகு கம்பெனி வேனில் எலெக்ட்ரானிக் சிட்டிக்குப் போனாள்.

போன ஆயுத பூஜைக்கு ஒரு வாரம் முன்னால் அவள் கார் வாங்கினாள். சின்னது. வெள்ளை. கியர் மாற்றும் வேலையே கிடையாது. டிரைவிங் ஸ்கூலில் பழகி லைசென்ஸ் வைத்திருந்தாள். ஒருநாள் ஓசூர் ரோட்டில் போய் வந்துவிட்டுச் சாவியை மேசையில் வைத்தாள்.

"என்னால ஆவாதுப்பா. நீ ஓட்டு. நான் பக்கத்துல உக்காந்து வரேன். வாரத்துல மூணு நாள்தானே ஆபீஸ்."

சாவியை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன். சந்தோஷத்தை வெளியே காட்டிக்கொள்ளவில்லை.

"நாலு சக்கரம்தானே? எதுவா இருந்தா என்ன" என்றேன்.

சொல்லியிருக்கக் கூடாது.

பழைய வண்டியில் காலடியில் மூன்று பெடல். இடது ஓரம் கிளட்ச். நடுவில் ஆக்ஸிலேட்டர். வலது ஓரம் பிரேக். அந்தக் காலத்தில் சில வண்டிகளை அப்படித்தான் செய்தார்கள். இப்போது எந்த வண்டியிலும் அப்படி இல்லை. பிரேக் நடுவில் வந்துவிட்டது, ஆக்ஸிலேட்டர் வலது ஓரம் போய்விட்டது. இது எனக்குத் தெரியும். காதால் கேட்டுத் தெரியும். காலுக்குத் தெரியாது. இருபத்தாறு வருஷமாக, நில் என்றால் என் கால் வலது ஓரம்தான் போயிருக்கிறது.

மகள் வண்டியில் இரண்டே பெடல். இடது பக்கம் பிரேக், வலது பக்கம் ஆக்ஸிலேட்டர். உட்கார்ந்ததும் குனிந்து பார்த்து மனதில் வாங்கிக்கொண்டேன். போதும் என்று நினைத்தேன்.

ஆயுத பூஜை அன்று காலையில் சார் வீட்டிலேயே இரண்டு வண்டிக்கும் பூஜை. சார் கிறிஸ்தவர். ஆனாலும் வருஷா வருஷம் பழைய வண்டிக்கு நான் கதம்பம் சாற்றுவதை நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்ப்பார். அன்றைக்கும் உட்கார்ந்திருந்தார். பழைய வண்டி முன்னால், புது வண்டி அதன் பின்னால். இரண்டுக்கும் வாழைக்கன்று கட்டினேன். என் மனைவி கற்பூரம் காட்டினாள். பூசணிக்காய் உடைத்தாயிற்று. புது வண்டியின் நான்கு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்தாள் மகள். நான் ஏற்றி நசுக்கி, நிறுத்த வேண்டும். அவ்வளவுதான்.

வண்டி நகர்ந்தது. பழம் நசுங்கிய சத்தம் கேட்டது. நிறுத்த வலது ஓரம் மிதித்தேன்.

வண்டி பாய்ந்தது. பாய்ந்ததும் கால் இன்னும் அழுத்தி மிதித்தது. பிரேக் பிடிக்கவில்லை என்றால் கால் அழுத்தத்தானே செய்யும். பழைய வண்டியின் முதுகில் மாட்டியிருக்கும் ஸ்டெப்னி சக்கரத்தில் போய் முட்டி நின்றது.

வாழைக்கன்று ஒன்று சாய்ந்து பானெட் மேல் படுத்தது.

சார்தான் முதலில் வாய் திறந்தார். "எலுமிச்சம்பழம் நல்லா நசுங்கிச்சுப்பா. சந்தோஷம்."

பழைய வண்டிக்கு ஒன்றும் ஆகவில்லை. ஸ்டெப்னி ரப்பர் தாங்கிக்கொண்டது. புது வண்டிக்கு மூக்கே இல்லை. பம்பர் பிளந்து, நம்பர் பிளேட் இரண்டாக மடங்கி, ஒரு லைட் தொங்கியது.

மகள் என் பக்கம் வந்து கண்ணாடியைத் தட்டினாள். "உனக்கு ஒண்ணும் இல்லையேப்பா?"

"இல்ல."

"சாவியக் குடு."

கொடுத்தேன்.

டிங்கர் பாய் வந்து குந்தி உட்கார்ந்து பார்த்தார். பழைய வண்டிக்கு எப்போதும் வேலை செய்கிறவர். "அரே, என்னாண்ணா இது! பழசா இருந்தா ரெண்டு தட்டு தட்டி நேராக்கிடுவேன். இது முழுக்க பிளாஸ்டிக். தட்டுனா ஒடையும். மாத்தத்தான் வேணும்." பிறகு மெதுவாக என் காதில் கேட்டார். "கால் ரிவர்ஸ்ல ஓடுதா?"

விளையாட்டுக்குத்தான் சொன்னார். சரியாகச் சொன்னார்.

வண்டி சரியாகி வந்தது. ஆனால் மகள் மறுபடி கம்பெனி வேனில் போக ஆரம்பித்தாள். சாவி அவள் பையிலேயே இருந்தது. திட்டவில்லை. திட்டியிருந்தால் பரவாயில்லை. "அப்பா, கண்ணு செக் பண்ணிக்கலாமா? ஒரு தரம் டாக்டர்கிட்ட போலாமா?" என்று மட்டும் கேட்டாள். அப்போதுதான் புரிந்தது. எனக்கு வயதாகிவிட்டது, இனி ஓட்ட முடியாது என்று நினைக்கிறாள்.

பெடல் விஷயத்தை அவளிடம் சொல்லியிருக்கலாம். எப்படிச் சொல்வது? நாலு சக்கரம்தானே என்று சொன்ன வாய்.

காலையில் போய் இரண்டு வண்டியையும் கழுவுவேன். கழுவும்போது பார்ப்பேன். பழசில் இரும்பும் மரமும் தோலும். துணியால் துடைத்தால் கைக்குக் கனம் தெரியும். புதுசில் துணி வழுக்கிக்கொண்டு போகும். பழசைக் கிளப்புவது ஒரு வேலை. பெட்ரோல் குழாயைத் திறக்க வேண்டும், சோக் இழுக்க வேண்டும், முன்னால் போய்க் கம்பியைச் செருகிச் சுற்ற வேண்டும். கட்டைவிரலையும் மற்ற விரல்களோடு ஒரே பக்கமாக வைத்துத்தான் கம்பியைப் பிடிக்க வேண்டும். எதிர்ப்பக்கம் வைத்தால், இன்ஜின் உதைக்கும்போது விரல் போய்விடும். புதுசுக்கு ஒரு பட்டன். சாவி சட்டைப்பையில் இருந்தாலே போதுமாம்.

பழசு ரோட்டில் போனால் பஸ்காரன்கூட வழி விடுவான். வளைக்க வேண்டுமென்றால் கையை வெளியே நீட்டுவேன், பின்னால் வருகிறவர்கள் அந்தக் கைக்கு டாட்டா காட்டுவார்கள். புதுசுக்கு எவனும் வழி விடமாட்டான். அது ரோட்டில் ஆயிரத்தில் ஒன்று. பழசுக்கு எங்கே வலிக்கிறது என்று நான்தான் காது கொடுத்துக் கேட்க வேண்டும். புதுசு தானே கத்தும். பெல்ட் போடவில்லை என்றால் கீ. கதவு சரியாக மூடவில்லை என்றால் கீ. பின்னால் பூனை வந்தால் கீ கீ.

ஒருநாள் சார் வீட்டு மதிலோரம் கிடந்த செங்கல்லில் இரண்டை எடுத்து வந்தேன்.

வீட்டில் நாற்காலி போட்டேன். கீழே இரண்டு செங்கல் வைத்தேன். இடது செங்கல் பிரேக். வலது செங்கல் ஆக்ஸிலேட்டர். தட்டு ஒன்றைக் கையில் பிடித்துக்கொண்டேன், ஸ்டீயரிங். மனைவி எதிரில் தரையில் உட்கார்ந்து பீன்ஸ் நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"என்னாய்யா இது?"

"நீ சும்மா ஏதாவது சொல்லு. நான் நிறுத்தறேன்."

"என்னா சொல்றது?"

"ரோட்டுல என்னா வரும்? அதச் சொல்லு."

ஒரு பீன்ஸை ஒடித்தாள். "நாய்."

கால் வலது செங்கல்லுக்குப் போனது.

"நாய் செத்துச்சு" என்றாள்.

தினமும் சாயங்காலம், மகள் வருவதற்கு முன் அரை மணி நேரம். மனைவிக்கு ருசி பிடித்துவிட்டது. "சிக்னல். பஸ். ஸ்கூட்டர்ல ரெண்டு புள்ளைங்க. தண்ணி லாரி. உங்க அக்கா!" அக்கா என்றதும் நான் வலது செங்கல்லை மிதித்தேன். "அது சரிதான்" என்றாள்.

பத்து நாளில் நாய்கள் பிழைக்க ஆரம்பித்தன. கால் தானாக இடது பக்கம் போனது.

அந்த ஞாயிற்றுக்கிழமை ஒரு கல்யாணம். என் கறுப்பு ஷூவில் அடி பிரிந்து, தைக்கக் கொடுத்திருந்தேன். கடைக்காரன் தரவில்லை. செருப்போடு போனேன். பெடலில் செருப்பு வழுக்கியது. சர்ச்சுக்குக் கொஞ்சம் முன்னால் அதைக் கழற்றி சீட்டுக்கடியில் தள்ளிவிட்டு வெறுங்காலோடு ஓட்டினேன்.

பின்சீட்டில் பெண்ணும் அவள் அப்பாவும். சர்ச் கேட்டில் பேண்டு வாசிக்கிறவர்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். கேட்டுக்குள் திருப்பி நிறுத்தப் போனேன். வெறுங்கால் நேராக நடுப்பெடலுக்குப் போனது. அங்கேதான் இப்போது இடது செங்கல் இருந்தது.

வண்டி உறுமியது. இருபத்தாறு வருஷத்தில் அது அப்படி உறுமி நான் கேட்டதில்லை. டிரம் அடிக்கிறவர் பக்கம் பாய்ந்தது. டிரம்பெட்காரர் வாயிலிருந்து டிரம்பெட்டை எடுக்காமலே ஒதுங்கினார். நான் கிளட்ச்சை மிதித்துக் கைப்பிரேக்கை இழுத்தேன். டிரம்முக்கும் எங்கள் வண்டிக்கும் நடுவே ஒரு கை வைக்கலாம். அவ்வளவுதான் இடம்.

பின்சீட்டில் பெண் கைதட்டினாள். "அங்கிள், செம என்ட்ரி!"

போட்டோகிராபர் ஓடி வந்தார். "அண்ணா, மிஸ் பண்ணிட்டேன். ஒன் மோர் வரீங்களா?"

"வர மாட்டேன்" என்றேன்.

இறங்கிக் கதவைத் திறந்து பிடித்தேன். பெண் இறங்கினாள். குனிந்து என் வெறுங்காலைப் பார்த்தேன். அப்போதுதான் பிடிபட்டது. செங்கல்லில் பழகியது வெறுங்கால். இத்தனை வருஷம் இந்த வண்டியில் பழகியது ஷூ போட்ட கால். ஒரே கால்தான், ஆனால் அதற்குள் இரண்டு டிரைவர் உட்கார்ந்திருக்கிறார்கள். யாரைக் கூப்பிட வேண்டும் என்பது ஷூவில் இருக்கிறது.

ஹாலுக்குப் போகும்போது மாப்பிள்ளையின் தம்பியிடம் ஷூ கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டேன். ஒரு சைஸ் பெரிசு. கால் வலது ஓரம் போனது. வண்டி பூ மாதிரி நின்றது.

அதற்குப் பிறகு பழைய வண்டியை ஷூ இல்லாமல் தொடவில்லை. வீட்டில் செங்கல்லை ஷூ போட்டுத் தொடவில்லை.

இரண்டு வாரம் கழித்து ஒரு சாயங்காலம். மனைவி கத்திக்கொண்டிருந்தாள். "மாடு! அடுத்த மாடு! ஹெல்மெட் போடாதவன்!" நான் சரியாக நிறுத்திக்கொண்டிருந்தேன்.

"ராங் சைடுல ஆட்டோ!"

அது மனைவியின் குரல் இல்லை. கால் இடது செங்கல்லில் போய் நின்றது. திரும்பிப் பார்த்தேன். வாசலில் தோளில் பையோடு மகள் நின்றிருந்தாள். வேன் சீக்கிரம் வந்துவிட்டது.

தட்டைக் கீழே வைத்தேன்.

"வெச்சுடாத, பிடி" என்றாள். பையைக் கழற்றி அம்மா பக்கத்தில் உட்கார்ந்தாள். "பள்ளம்!"

நிறுத்தினேன்.

"ஃபுட்பாத்துல வர்ற பைக்!"

நிறுத்தினேன்.

"பச்சை சிக்னல்!"

நிறுத்தப்போன காலைப் பிடித்துக்கொண்டேன். வலது செங்கல்லை மெதுவாகத் தொட்டேன். இரண்டு பேரும் சிரித்தார்கள். பீன்ஸ் எல்லாம் சிதறியது.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். எனக்கு அது நீளமான பேச்சு. பெடல், டிரம்பெட்காரர், ஷூ. அவள் நம்பவில்லை. மறுநாள் காலையில் என்னோடு சார் வீட்டுக்கு வந்து பழைய வண்டியின் டிரைவர் சீட்டில் ஏறிக் குனிந்து பார்த்தாள். எத்தனையோ வருஷம் அந்த வண்டியை வெளியிலிருந்து பார்த்தவள். அன்றுதான் முதல் தரம் உள்ளே உட்கார்ந்தாள்.

"நடுவுலயா? யாராவது நடுவுல வெப்பாங்களா?"

"வெச்சிருக்காங்க."

"ஏம்ப்பா சொல்லல?"

"நீ கேக்கல."

"உனக்கு வயசாயிடுச்சுன்னு நெனச்சேன்."

"ஆயிடுச்சு. அது வேற."

சார் திடீரென்று ஒரு தும்மல் போட்டுவிட்டு வராந்தாவிலிருந்து கேட்டார். "என்னம்மா, என் வண்டிய ஓட்டிப் பாக்கறியா?"

"வேணாம் சார். நான் இதுல பிரேக் போட்டா உங்க மதில் இருக்காது."

"அப்போ உங்கப்பாவ மன்னிச்சுடு."

அவள் பையிலிருந்து சாவியை எடுத்தாள். என் கையில் கொடுக்கவில்லை. என் செருப்பைப் பார்த்தாள். "மொதல்ல அதக் கழட்டு. டிக்கில போடு." போட்டேன். பிறகு கொடுத்தாள்.

முதல் நாள் ஆபீஸுக்குப் போகும் வழியெல்லாம் நான் ரோட்டைப் பார்த்ததில் பாதி நேரம் அவள் காலைப் பார்த்தேன். பக்கத்துச் சீட்டில் பிரேக் கிடையாது. ஆனால் அவள் வலது கால் தரையை மிதித்துக்கொண்டே வந்தது. முன்னால் பஸ் நின்றால் மிதிக்கும். பைக் குறுக்கே வந்தால் மிதிக்கும். நான் நிறுத்திய பிறகும் ஒரு தரம் மிதிக்கும். வாயால் ஒன்றும் சொல்லவில்லை. அந்தக் கால் சொன்னது.

ஒரு சிக்னலில் நின்றேன். இன்ஜின் பொட்டென்று அடங்கிவிட்டது. நான் பெல்ட்டைக் கழற்றிக் கதவைத் திறந்தேன்.

"எங்கப்பா போற?"

"வண்டி நின்னு போச்சு. பானெட்ட தொறந்து பாக்கறேன்."

"அய்யோ, கதவ மூடு! அது தானா நிக்கும். பெட்ரோல் மிச்சம். பிரேக்க விட்டா தானா ஓடும்."

கதவை மூடி, பெல்ட்டைப் போட்டுக்கொண்டு பிரேக்கை விட்டேன். ஓடியது. பழைய வண்டி சிக்னலில் நின்று போனால் அதற்கு உடம்பு சரியில்லை என்று அர்த்தம். நான் கம்பியும் தண்ணீர் கேனும் எடுத்துக்கொண்டு இறங்கியாக வேண்டும். இது சும்மா ஓய்வெடுக்கிறதாம். அவள் ஆபீஸ் போய்ச் சேரும்வரை சிரித்துக்கொண்டே வந்தாள். சிரிக்கும்போது அந்தக் கால் மிதிக்கவில்லை. கவனித்தேன்.

இரண்டாவது வாரம் மிதிப்பது குறைந்தது. பெரிய லாரிக்கு மட்டும் மிதித்தது. மூன்றாவது வாரம் அவள் போனைப் பார்த்துக்கொண்டு வந்தாள். லாரிக்கும் கால் லேசாகத்தான் அசைந்தது. சனி ஞாயிறு ஷூ போட்டுப் பெண்களை சர்ச்சுக்குக் கொண்டுபோய் விட்டேன். வாரத்தில் மூன்று நாள் வெறுங்காலோடு என் பெண்ணை ஆபீஸுக்குக் கொண்டுபோய் விட்டேன். காலுக்குள் இருந்த இரண்டு டிரைவரும் சண்டை போடவில்லை.

போன வியாழக்கிழமை. சாயங்காலம் வெயில் இருக்கும்போதே அவளை ஏற்றிக்கொண்டேன். எலெக்ட்ரானிக் சிட்டியிலிருந்து மேம்பாலத்தில் ஏறினோம். மேலே காற்று, கீழே ஓசூர் ரோடு முழுக்க வண்டி. அவள் மீட்டிங் பற்றி ஏதோ சொல்லிக்கொண்டு வந்தாள். பாதியில் பேச்சு நின்றது.

திரும்பிப் பார்த்தேன். தூங்கியிருந்தாள்.

செருப்பைக் கழற்றிவிட்டு இரண்டு காலையும் சீட்டின் மேல் தூக்கி மடித்து வைத்திருந்தாள். தரையில் மிதிக்கக் கால் இல்லை.

மெதுவாகப் போனேன். பின்னால் ஹாரன் அடித்தார்கள். அடிக்கட்டும் என்று விட்டேன். பாலம் இறங்கும் இடத்தில் நெரிசல். நிற்பதும் நகர்வதுமாக இருந்தது. இருபத்தாறு வருஷம் தலையில் பூவும் முக்காடும் கலையாமல் பெண்களைக் கொண்டுபோன பழக்கம் அங்கே உதவியது. அவள் தலை ஒரு பக்கமும் ஆடவில்லை.

காக்ஸ் டவுன் வந்தது. சார் வீட்டு கேட் திறந்திருந்தது. உள்ளே திருப்பி, பழைய வண்டியின் ஸ்டெப்னிக்கு ஒரு முழம் பின்னால் நிறுத்தினேன்.

பட்டனை அழுத்தி அணைத்துக் கதவைத் திறந்தால் கீ கீ என்று கத்தும். அதனால் எதையும் தொடவில்லை. கொஞ்ச நேரத்தில் இன்ஜின் தானாக அடங்கியது. இந்தத் தரம் இறங்கிப் பார்க்கப் போகவில்லை. சார் வராந்தாவிலிருந்து கையைக் காட்டி என்ன என்று கேட்டார். நான் உதட்டில் விரல் வைத்தேன். அவர் தலையாட்டிவிட்டுப் பேப்பரைப் பிரித்துக்கொண்டார்.

அவளாக விழிக்கும்வரை பிரேக்கில் வைத்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தேன். இடது பக்கத்துப் பெடல்.